அண்டிறிக்குப் பாதிரியாரும் ஒரு போர்த்துக்கீசிய வினைச்சொல்லும்

இந்திய மொழிகளுள் தன் சொந்த எழுத்திலேயே முதன்முதல் அச்சேறிய பெருமை தமிழுக்கு உரியது என்பதை நம் மாணவர் பலரும் கேட்டறிந்திருப்பர். 1578-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 20-ஆம் நாள், கொல்லத்தில், மீட்பரின் பெயரால் இயேசு சபையார் நடத்திவந்த கல்லூரியில் அச்சிட்டு முடிக்கப்பெற்ற 'தம்பிரான் வணக்கம்' என்னும் நூல் 16 பக்கமே கொண்டது. அதனைத் தமிழில் ஆக்கியவர் போர்த்துக்கல் நாட்டினரான அன்றீக்கே அன்றீக்கஸ் என்பார். முத்துக்குளித்துறைப் பரதவர் நாவில் அப்பெயர் அண்டிறிக்கி என வழங்கியது. நூலின் முகப்பிலும் அவ்வாறே பொறிக்கப்பெற்றது. அவர்தம் வாழ்க்கையைக் கூறப்புகும் யாம், ஊரும் குலமும் கூறித் தொடங்கும் வழக்கத்தைச் சிறிதுபோது ஒதுக்கிவைத்து, அந்நூலிற் காணும் வினைச்சொல் ஒன்றிலிருந்து தொடங்குகின்றோம். அவர் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்த உழைப்பின் இயல்பு அவ்வொரு சொல்லை ஆராயுமிடத்து நன்கு விளங்குமென்பது எம் கருத்து.

அந்நூலிலுள்ள போர்த்துக்கீசிய வரிகள், இன்னார் இதனைத் தமிழ் மொழியிற் பெயர்த்தார் என்பதனைத் 'திரஸ்லதார்' என்னும் வினையின் பழைய வடிவத்தாற் குறிக்கின்றன. இது இலத்தீன் மொழியில் 'கடத்திக் கொண்டுசெல்லுதல்' எனப் பொருள்படும் சொல்லின்வழிப் பிறந்தது. ஓரிடத்துள்ளதொன்றை எடுத்து மற்றோரிடத்திற் கொண்டு சேர்த்தலே அதன் நேர்ப்பொருள். சிறப்பாக, இறந்தோரின் உடலையோ எலும்பையோ ஒரு கல்லறையினின்று எடுத்து மற்றொரு கல்லறையில் வைத்தலை அந்நாட்டார் இச்சொல்லாலேயே குறிப்பர். கொயிம்பிரா நகரில் 1355-ஆம் ஆண்டில் கொலையுண்ட இனேஸ் தெ காஸ்த்ரோ என்னும் பெருமாட்டியின் உடலை, அவள்மீது காதல் மாறாத பெத்ரு மன்னன் தான் அரசெய்திய பின்னர் அல்கொபாசா மடத்துக்குப் பெரும் ஊர்வலமாகக் கொண்டுசென்று அடக்கினான். அந்நிகழ்ச்சியைப் போர்த்துக்கீசியர் இன்றும் இவ்வினையினடியாகப் பிறந்த பெயராலேயே வழங்குகின்றனர்.

இனி, இதன் வழிப்பொருள்களைக் காண்போம். ஓலையினின்று ஓலைக்குப் படியெடுத்தலும் திரஸ்லதார். பத்திரம் எழுதுவோர் மூலத்தினின்று எடுத்துத் தரும் சான்றுப்படிக்கு இதனடியாகவே பெயர் அமைந்துளது. நெஞ்சில் எழுந்ததைத் தாளில் இறக்குதலும் இதுவே. ஒரு மொழியில் உள்ளதை மற்றொரு மொழிக்குக் கொண்டுவருதலும் இதுவே. இன்னும் ஒரு வியப்பு உண்டு. ஒரு சொல் தன் நேர்ப்பொருளை விட்டு வேறொன்றைக் குறிக்குமாயின், அவ்வழிப்பொருளுக்குப் போர்த்துக்கீசிய அறிஞர் இடும் அடைமொழியும் இவ்வேரிலிருந்தே கிளைத்தது. சொல்லொன்று தன் இடம்விட்டு வேறிடத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டது என்பது அவர் கருத்துப் போலும். நம்மவர் ஆகுபெயர் என்றும் இலக்கணை என்றும் கூறுவனவற்றை இதனோடு ஒப்பிட்டு நோக்குக. பிற்காலத்தில் மொழிபெயர்ப்பு என்னும் பொருளில் வேறொரு வினை ஓங்கவே, திரஸ்லதார் பெரும்பாலும் எலும்புக்கும் பத்திரப்படிக்கும் உரியதாயிற்று. அண்டிறிக்கு அடிகளாரின் காலத்திலோ இத்தனை பொருளும் அச்சொல்லில் ஒருங்கே உயிரோடிருந்தன.

தமிழில் 'மொழிபெயர்த்தல்' என்பது தொல்காப்பிய மரபியலிலேயே காணப்படும் பழஞ்சொல். பெயர்த்தலாவது ஒன்றனை நின்ற இடத்தினின்று அகற்றுதல். எனவே திரஸ்லதார் என்பதற்கு இதனினும் பொருத்தமான தமிழ்ச்சொல் கிடைத்தல் அரிது. ஆயின் அடிகளார் அதனை எடுத்தாளவில்லை. தம் நூலின் தமிழ் முகப்பில், தாம் அதனைத் தமிழிலே 'பிறித்தெழுதின'தாகவே பொறித்தார். ரகரமும் றகரமும் கடற்கரைப் பேச்சில் மயங்குதலின், இது 'பிரித்தெழுதின' என்பதே என யாம் கொள்கின்றோம். 'பிறிது' என்னும் சொல்லை இதனுட் காண விழைவாருக்கும் யாம் தடை கூறோம். தேர்வுத்தாளில் 'பிரித்தெழுதுக' என்னும் வினாவைக் கண்டு அஞ்சும் நம் இளைஞர், தமிழின் முதல் அச்சு நூலின் முகப்பிலேயே அச்சொல் வீற்றிருத்தலைக் கண்டு சிறிது ஆறுதல் அடைவாராக. போர்த்துக்கீசியத்தில் அவர் செய்த தொழில் கடத்திச் செல்லுதல். தமிழில் அவர் செய்த தொழில் பிரித்தெழுதுதல். இவ்விரண்டற்கும் இடையே உள்ள தொலைவை அவர் எங்ஙனம் கடந்தார் என்பதே அவர் வரலாறு.

நிற்க. அடிகளார் 1520-ஆம் ஆண்டில், போர்த்துக்கல்லின் தென்பகுதியாகிய அலென்தேஜு நாட்டு வில்லா விசோசா என்னும் ஊரில் தோன்றினார். அவர்தம் முன்னோர் யூதர். அக்காலத்துப் போர்த்துக்கல்லில் யூத மரபினின்று ஞானஸ்நானம் பெற்றோரும் அவர் வழிவந்தோரும் 'புதுக் கிறிஸ்தவர்' எனப் பிரித்தெண்ணப்பட்டனர். தலைமுறை பல கழிந்தும் அப்பெயர் அவரை விட்டகலவில்லை. இளமையிலேயே துறவை விரும்பிய அடிகளார் பிரான்சிஸ்கு சபையிற் சேர்ந்தார். குருதியின் காரணமாக அங்கிருந்து வெளியேற்றப்பட்டார். பின்னர்க் கொயிம்பிராப் பல்கலைக்கழகத்தில் திருச்சபைச் சட்டம் பயின்று, 1545-ஆம் ஆண்டில், தோன்றி ஐந்தாண்டே ஆகியிருந்த இயேசு சபையிற் சேர்ந்தார். அடுத்த ஆண்டிலேயே கப்பலேறிக் கோவா வந்தடைந்தார். 1547-இல், பிரான்சிஸ்கு சவேரியாரின் ஆணைப்படி முத்துக்குளித்துறைக்கு அனுப்பப்பட்டார். வேம்பாறு முதல் மணப்பாடு வரை பரந்த அக்கடற்கரையே அதன்பின் அவருக்கு நாடாயிற்று. பிறந்த மண்ணை அவர் மீட்டும் காணவில்லை.

அவர் வந்தபோது அக்கரையின் நிலை யாதெனின், 1530-ஆம் ஆண்டுகளின் இடையில் பரதவர் பெருந்தொகையினராய் ஞானஸ்நானம் பெற்றிருந்தனர். முத்துக்குளிப்பில் தமக்கு இடையூறு செய்தோரை எதிர்க்கப் போர்த்துக்கீசியரின் துணை வேண்டி அவர் அது செய்தனர் என்பதை வரலாறு மறைக்கவில்லை. அத்துணைக்கு அவர் கொடுத்த விலையும் சிறிதன்று. சமயத்தைக் கற்பிக்க மொழியறிந்தார் எவருமிலர். 1542-இல் வந்த சவேரியார், இருமொழியும் ஒருவாறு அறிந்த சிலரைக் கூட்டிவைத்துச் செபங்களைத் தமிழாக்கி, அவற்றை மனப்பாடம் செய்து, ஊர் ஊராய்ச் சென்று ஓதுவித்தார். அவர்தம் ஊக்கத்தை உலகம் அறியும். ஆயின் அத்தமிழில் நேர்ந்ததொரு பிழையை ஈண்டுக் கூறாதிருத்தல் இயலாது.

விசுவாசப் பிரமாணத்தின் தொடக்கம் போர்த்துக்கீசியத்தில் 'கிரேயு' என்னும் ஒரே சொல். 'நான் விசுவசிக்கிறேன்' என்பது பொருள். துணை நின்றோர் அதனை 'எனக்கு வேணும்' எனப் பெயர்த்துக் கொடுத்தனர். கடற்கரை ஊர்களில் ஆடவரும் பெண்டிரும் சிறுவரும் நாள்தோறும் கடவுளை நோக்கித் தமக்கு அவர் வேண்டுமென்று கூறிவந்தனரே அன்றித் தாம் விசுவசிப்பதாகக் கூறவில்லை. சவேரியாரே இதனைக் கண்டறிந்து, 1544-இல் தம் துணைவர் மன்சில்யாஸ் என்பாருக்குக் கடிதம் எழுதி, வேணும் என்பது விருப்பத்தைக் குறித்தலின் அதனை நீக்கி விசுவாசம் என்னும் சொல்லை வைக்குமாறு பணித்தார்.

இப்பிழையைக் கேட்டு நகைப்பார் உளர். எம்மால் நகைக்க இயலவில்லை. 'கிரேர்' என்னும் அவ்வினை போர்த்துக்கீசியத்திலேயே பல நிலைகளில் வழங்குவது. ஒருவன் கூறியதை மெய்யென ஏற்றலும் கிரேர். ஒருவனிடம் தன்னை ஒப்புவித்தலும் கிரேர். நாளை மழை வருமென்று நினைக்கிறேன் என்னும் வெறும் ஊகமும் கிரேர். இவற்றுள் எதனைத் துணைவரிடம் கூறி விளக்குவது? மேலும், 'நம்பு' என்னும் நம் சொல்லுக்குத் தொல்காப்பியர் உரியியலிற் கூறும் பொருள் நசை, அஃதாவது விருப்பம். பழந்தமிழில் நம்புதலும் விரும்புதலும் ஒரு வேரில் நின்றனவாயின், பெயர் அறியப்படாத அத்துணைவர் செய்தது முழுப் பிழையென்று எங்ஙனம் கூறுவது? ஆயினும் பதினாறாம் நூற்றாண்டுப் பேச்சுத்தமிழில் வேணும் என்பது சந்தையில் மீனும் அரிசியும் வாங்குவோர் சொல்லாகவே இருந்தது. சொல் கரை சேர்ந்தது. பொருள் வழியில் வீழ்ந்தது. கடத்திச் செல்லுதல் என்பதன் ஆபத்து இதுவே.

அண்டிறிக்கு அடிகளார் இவ்வாபத்தை வந்த சில மாதங்களிலேயே உணர்ந்தார். இடையில் ஒருவனை வைத்துப் பேசுவது தமக்கும் கேட்போருக்கும் நன்றன்று எனக் கண்டு, தமிழை இலக்கண முறையாற் கற்கத் தொடங்கினார். கற்பிக்க ஆசிரியருமிலர், பறங்கியர்க்கென எழுதிய இலக்கணமும் அன்று இல்லை. அவர் செய்தது யாதெனின், இலத்தீன் இலக்கணத்தின் சட்டகத்தைக் கையிற்கொண்டு, தாம் கேட்ட ஒவ்வொரு தமிழ் வினையையும் காலம், இடம், எண் எனப் பிரித்துப் பிரித்து எழுதியதே. 1548 அக்டோபர் இறுதியில் வேம்பாற்றிலிருந்து ரோமாபுரிக்கு இக்னேசியாருக்கு விடுத்த கடிதத்தில், வினைவிகற்பங்களையும் வேற்றுமைகளையும் தொகுத்து ஒருவகை இலக்கணம் அமைத்திருப்பதையும், மொழிபெயர்ப்பாளன் துணையின்றிப் பேசத் தொடங்கியிருப்பதையும், வழங்கிவந்த செபங்களின் பிழைகளைத் திருத்தியதையும் தெரிவித்தார். 1549-இல் சவேரியார் தாமே இக்னேசியாருக்கு எழுதுகையில், இவர் அந்நாட்டு மொழியைப் பேசவும் எழுதவும் வல்லவராய் இருவர் செய்யும் பணியைத் தனித்துச் செய்கின்றார் எனப் புகழ்ந்தெழுதினார். வந்து இரண்டாண்டும் நிரம்பாத ஒருவரைக் குறித்த சொல் இது.

அவ்விலக்கணம் போர்த்துக்கீசிய மொழியில் எழுதப்பெற்று, கையெழுத்துப்படியாக லிஸ்பன் தேசிய நூலகத்தில் உள்ளது. ஐரோப்பியர் ஒருவர் தமிழுக்கு எழுதியவற்றுள் நமக்குக் கிடைத்துள்ள முதல் இலக்கணம் அதுவே. தமிழை மலபார் மொழியென்று அக்காலத்தார் கூறியவாறே நூலின் பெயரும் அமைந்தது. இலத்தீன் அறியாதார் இதனைக் கற்குமுன் ஜோவாம் தெ பாரோஸ் என்பார் 1540-இல் வெளியிட்ட போர்த்துக்கீசிய இலக்கணத்தைப் படிக்கவேண்டும் என அடிகளார் அதன்கண் அறிவுறுத்துகின்றார். தொல்காப்பியமும் நன்னூலும் அறிந்த நம் புலவர்க்கு அந்நூல் குறையுடையதாகத் தோன்றலாம். ஆனால் அது புலவர்க்காக எழுதியதன்று, புலவரிடமிருந்து எழுதியதுமன்று. மீனவரும் சங்கு குளிப்போரும் பேசிய தமிழை அவர் வாயினின்று கேட்டு எழுதியது. அந்நூற்றாண்டின் பேச்சுத்தமிழ் எவ்வாறிருந்தது என்பதற்கு நம்முடைய உரையாசிரியர்களிடத்துக் கிடைக்காத சான்று அதனிடத்தே கிடைக்கின்றது. எம்மைக் கேட்பின், அவர்தம் அச்சு நூல்களைக் காட்டிலும் இவ்விலக்கணமே பெருமையுடையது என்போம்.

பிரித்தெழுதுதலின் அருமைக்குச் சிறியதோர் எடுத்துக்காட்டு. 'நம்முடைய' எனப் போர்த்துக்கீசியன் கூறும் சொல் ஒன்றே. தமிழிலோ, கேட்போனையும் உளப்படுத்தின் 'நம்முடைய' என்றும், அவனை நீக்கின் 'எங்களுடைய' என்றும் கூறல் வேண்டும். கடவுளை நோக்கிப் பிதாவே என்று அழைப்போன் 'நம் பிதாவே' என்பானாயின் கடவுளுக்கும் ஒரு பிதா உண்டென்று ஆகிவிடும். ஒரு சொல்லை அப்படியே தூக்கிவந்து வைக்க இயலாது. அதனை இரண்டாகப் பிளந்து, வேண்டும் பாதியை எடுத்து, மற்றதை விடவேண்டும். இதனைச் செய்ய அறிவு மாத்திரம் போதாது, காது வேண்டும்.

அவர் வாழ்க்கை ஓலையும் எழுத்தாணியுமாக அமைதியிற் கழிந்ததென எண்ணற்க. 1549-இல், அக்கரைக்குத் தலைவராயிருந்த அந்தோனியோ கிரிமினாலி என்னும் இத்தாலிய குரு வேதாளையில் வடுகப் படையினராற் கொல்லப்பட்டார். உடனுழைத்த குருக்கள் அண்டிறிக்கு அடிகளாரைத் தலைவராகத் தெரிந்துகொண்டனர். அப்பொறுப்பை அவர் ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் தாங்கினார். 1553-இல் புன்னைக்காயல் தாக்கப்பட்டபோது அவரும் சிறைப்பட்டுப் பின்னர் விடுதலை பெற்றார். அவ்வூரில் ஏழை நோயாளர்க்கு மருத்துவமனை ஒன்றும் அமைத்தார். இவற்றினிடையேதான் இலக்கணமும் செபமும் கதைகளும் எழுதப்பெற்றன.

இதற்கிடையே உலகின் மறுகோடியில் நிகழ்ந்ததொன்றையும் குறிப்போம். 1554 பிப்ரவரியில், லிஸ்பன் நகரில், தமிழ்ச் செபங்கள் உரோமன் எழுத்தில் அச்சிடப்பெற்றன; வரியிடையே ஒவ்வொரு சொல்லுக்கும் போர்த்துக்கீசியப் பொருள் தரப்பட்டது. அதனை ஆக்கியோர் அங்குச் சென்றிருந்த தமிழர் மூவர். சொல்லுக்குச் சொல் கடத்துதலுக்கு அதனினும் தெளிவான உதாரணம் இல்லை. அடுத்த திங்களிலேயே, 1552-இல் சீனக்கரைத் தீவொன்றில் மறைந்த சவேரியாரின் உடல், மலாக்கா வழியாகக் கோவா வந்து சேர்ந்தது. ஒரே வினைச்சொல் அவ்வாண்டில் தன் வழிப்பொருளுக்கும் நேர்ப்பொருளுக்கும் ஒவ்வொரு காட்சி தந்தது.

இனி அச்சுக்கு வருவோம். 1577-இல் கோவாவில் ஜோவாம் கொன்சால்வஸ் என்னும் சகோதரர் தமிழ் எழுத்துக்களை வார்த்தார். மறு ஆண்டு கொல்லத்தில் ஜோவாம் தெ பாரியா என்னும் குரு வேறொரு தொகுதி வார்த்தார். பரதவர் பொருள் உதவினர். அண்டிறிக்கு அடிகளாரும் மனுவேல் தெ சாம் பேத்ரு என்னும் குருவும் தமிழாக்கிய 'தம்பிரான் வணக்கம்' 1578-இல் வெளிப்போந்தது. மெய்யெழுத்துக்குப் புள்ளியில்லை, ஓலையில் எழுதும் வழக்கத்தையே அச்சும் பின்பற்றியது.

நூலின் பெயரை நோக்குக. மூலத்தின் பெயர்ச்சொற்கள் 'கிறிஸ்தவப் போதனை' என்னும் பொருளன. அடிகளார் போதனை என்பதை வணக்கம் ஆக்கினார். கிறிஸ்தவ என்பதைத் தம்பிரான் ஆக்கினார். தம்பிரான் என்பது சைவ மடத்துத் துறவியரையும் ஆண்டவனையும் குறிக்கும் தமிழ் நாட்டுச் சொல். இது கடத்திவந்ததன்று, இந்நிலத்திலேயே முளைத்ததை எடுத்து நட்டது. அதே முகப்பில் தம் சபையின் பெயரையோ 'கொம்பஞ்ஞிய தெ சேசூ' எனப் பெயர்க்காமலே விட்டார். அடுத்த ஆண்டு, 1579 நவம்பரில், மார்க்கோஸ் ஜோர்ஜ் என்பாரின் வினாவிடை நூலைத் தமிழாக்கிக் கொச்சியில் அச்சிட்டபோது, அதற்குக் 'கிரீசித்தியானி வணக்கம்' எனப் பெயரிட்டார். ஓராண்டுக்குள் தம்பிரான் போய்ப் பறங்கிச்சொல் வந்தமர்ந்தது! தமிழ்ச்சொல் வேறு சமயத்தாரின் பொருளையும் உடன் இழுத்துவரும் என்னும் அச்சம் எழுந்தது போலும் என்பது எம் ஊகம். முதற்பெயரே எமக்கு உவப்பு. 1580-இல் பாவசங்கீர்த்தனத்துக்குரிய நூலும், 1586-இல் அறுநூறு பக்கத்துக்கு மேற்பட்ட அடியார் வரலாறும் அச்சாயின.

இவ்வாறு மொழியால் தமிழருள் ஒருவராகிவிட்ட அடிகளாரைப் பிறப்பு விட்டபாடில்லை. 1593-இல் இயேசு சபையின் பொதுப்பேரவை, யூத மரபினர் எவரும் இனிச் சபையிற் சேரலாகாது எனச் சட்டம் இயற்றியது. அப்போது அவருக்கு வயது 73. அச்சபையில் 48 ஆண்டுகள் கழித்திருந்தார். சட்டம் புதிதாகச் சேர்வோரையே தடுத்தது எனினும், தம்மைப் போன்ற இளைஞன் ஒருவன் இனி அக்கதவைத் தட்டின் அது திறவாது என்பதை அவர் அறியாதிருந்திருக்க முடியாது. அச்சட்டம் பின்னர் 1608-இல் தளர்த்தப்பட்டு, 1946-இல் முற்றிலும் நீக்கப்பெற்றது. பிரித்தெழுதுவதில் வல்லவரான அவரை அவர்தம் நாட்டாரே பிரித்தெழுதி வைத்தனர்.

1600-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் புன்னைக்காயலில் அடிகளார் காலமானார். வயது ஏறத்தாழ எண்பது; அவற்றுள் ஐம்பத்து மூன்று ஆண்டுகள் தமிழ்க்கரையிற் கழிந்தவை. அவருடலைப் பரதவர் கடல்வழியே தூத்துக்குடிக்குக் கொண்டுசென்று அடக்கம் செய்தனர்.

அவர் நூல்களும் நெடுந்தொலைவு சென்றன. 'தம்பிரான் வணக்க'த்தின் அறியப்பட்ட ஒரே படி அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் உளது. அடியார் வரலாற்றின் படி வத்திக்கான் நூலகத்தில் உளது. ஐரோப்பிய நூலகங்களிற் கிடந்த இத்தகைய நூல்களைத் தனிநாயக அடிகளார் 1950-ஆம் ஆண்டுகளில் நாட்டார்க்கு எடுத்துக்காட்டினார். இராசமாணிக்கம் அடிகளார் 1960-ஆம் ஆண்டுகளில் அவற்றைத் தமிழ் நாட்டில் மீண்டும் பதிப்பித்தார். லிஸ்பன் இலக்கணம் 1982-இல் ஜெர்மனியிலும், ஆங்கில மொழிபெயர்ப்போடு 2013-இல் ஹார்வர்டிலும் வெளிவந்தது. மறுபதிப்புக் கிடைக்கப்பெறும் மாணவர் 'தம்பிரான் வணக்க'த்தின் கடைசிப் பக்கத்தைத் தவறாது பார்க்க. ஆங்கே கோவாவில் 1577-இல் வார்த்த எழுத்தும் கொல்லத்தில் 1578-இல் வார்த்த எழுத்தும் தனித்தனியே அடுக்கிக் காட்டப்பட்டுள்ளன.